உரையாகும் உடல்: எலியட்டின் 'பாழ்நிலம்' ஓராள் நாடகமான வரலாறு

அச்சில் உள்ள ஒரு கவிதை, தன்னைப் பேசுபவர் யார், கேட்பவர் யார், பேச்சு நிகழும் இடமும் காலமும் எவை என்னும் வினாக்களுக்கு விடை கூறாமலே நிலைபெற முடியும். அரங்கிற்கு அந்த உரிமை இல்லை. ஒருவர் மேடையில் வந்து நின்ற கணத்திலேயே பேசுபவர் யார் என்பதற்கு ஒரு விடை கிடைத்துவிடுகிறது. அவர் எந்தத் திசை நோக்கிப் பேசுகிறார் என்பதில் கேட்பவர் யார் என்பது புலனாகிறது. எனவே கவிதையை நாடகமாக்குதல் என்பது ஒரு வகையில் அக்கவிதைக்கு உரை எழுதுதலே ஆகும். உரையாசிரியர் ஏட்டில் எழுதுவதை நடிகர் உடலால் எழுதுகிறார்.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவை இங்கு எண்ணத்தக்கன. இவற்றுள் முன்னம் என்பது, இன்ன இடத்தில் இன்ன மொழி இன்னாருக்கு இன்னார் சொல்லத் தக்கது என்பதைக் கேட்போர் தாமே உய்த்துணருமாறு அமைவது. எச்சம் என்பது, சொல்லாலோ குறிப்பாலோ கேட்போர் நிறைவு செய்துகொள்ளுமாறு விடப்படுவது. கவிதை நாடகமாகும்போது முன்னத்தால் உணரவேண்டியவற்றைக் கண்ணால் காண நேர்கிறது. எச்சமாக நின்றவற்றுள் பல வெளிப்படையாகின்றன. இதனால் கவிதை பெறுவது யாது, இழப்பது யாது என்னும் வினாவிற்கு டி. எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' (தி வேஸ்ட் லேண்ட்) என்னும் நெடுங்கவிதையின் அரங்க வரலாறு தெளிவான சான்றாக அமைகிறது. அயர்லாந்து நடிகை ஃபியோனா ஷா, ஆங்கில நெறியாளர் டெபோரா வார்னர் ஆகிய இருவரும் 1995ஆம் ஆண்டில் அக்கவிதையை ஓராள் நாடகமாக்கினர். இக்கட்டுரை அந்நாடகத்தின் வரலாற்றை மேற்கூறிய உறுப்புகளை அளவுகோலாகக் கொண்டு ஆராய்கிறது.

கவிதைக்குள் இருந்த அரங்கு

'பாழ்நிலம்' 1922 அக்டோபரில் இலண்டனில் எலியட் நடத்திய 'கிரைட்டீரியன்' இதழிலும், அடுத்த மாதம் அமெரிக்காவின் 'டயல்' இதழிலும் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் நியூயார்க்கில் நூலானபோது ஆசிரியரின் குறிப்புகளும் உடன் சேர்ந்தன. ஐந்து பகுதிகளும் 430க்கும் மேற்பட்ட அடிகளும் கொண்ட இக்கவிதையில் பேசுவோர் பலர். இளமைக்கால நினைவுகளைக் கூறும் பிரபுகுலப் பெண், சீட்டு வைத்துக் குறி சொல்லும் மாது, நரம்புத் தளர்ச்சியுற்ற செல்வச் சீமாட்டி, மதுக்கடையில் தோழியின் குடும்பக் கதையைப் பேசும் உழைக்கும் வகுப்புப் பெண், தேம்சு நதியின் மகளிர் எனக் குரல்கள் மாறிக்கொண்டே செல்கின்றன. ஒரு குரல் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தைக் காட்டும் குறியீடு பெரும்பாலும் இல்லை. நாடக நூலில் பாத்திரப் பெயர் நிற்கவேண்டிய இடம் இங்கு வெறுமையாக விடப்பட்டுள்ளது.

இவ்வமைப்பின் தோற்றத்தை 1971இல் வாலரி எலியட் பதிப்பித்த கையெழுத்துப்படி விளக்கியது. எஸ்ரா பவுண்ட் வெட்டிச் சுருக்குவதற்கு முன்னிருந்த வரைவில், முதலிரு பகுதிகளுக்கு எலியட் வேறொரு தலைப்பை இட்டிருந்தார். அது சார்லஸ் டிக்கன்ஸின் 'நமது பொது நண்பர்' (அவர் மியூச்சுவல் ஃபிரண்ட்) என்னும் புதினத்திலிருந்து எடுக்கப்பட்டது. அப்புதினத்தில் ஸ்லாப்பி என்னும் ஆதரவற்ற சிறுவன் ஒரு முதியவளுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறான். காவல்துறைச் செய்திகளைப் படிக்கும்போது அதில் வருவோரைப் போலவே வெவ்வேறு குரல்களில் பேசுகிறான் என அவள் அவனைப் பாராட்டுகிறாள். எலியட் முதலில் எண்ணிய தலைப்பு இப்பாராட்டே. ஒருவரே பல குரல்களில் ஓர் எழுத்தைப் படித்து நடித்துக் காட்டுதல் என்பது ஓராள் நாடகத்தின் இலக்கணம். ஆகவே ஷாவும் வார்னரும் செய்தது கவிதைக்குப் புறம்பான ஒன்றை அதன்மேல் ஏற்றியதன்று. கவிஞர் நீக்கிவிட்ட தலைப்பில் அடங்கியிருந்த ஒரு வாய்ப்பைச் செயற்படுத்தியதே எனலாம்.

எலியட் அரங்கில் ஆர்வம் கொண்டவர் என்பதும் இங்கு நினையத்தக்கது. 1922 அக்டோபரில் மறைந்த இசையரங்கக் கலைஞர் மேரி லாயிடைப் பற்றி அவர் எழுதிய இரங்கற்கட்டுரையில், கலைஞரும் அவையோரும் சேர்ந்தே ஒரு கலையைப் படைக்கின்றனர் என்னும் கருத்தை வலியுறுத்தினார். பின்னர் 'பேராலயத்தில் கொலை' (1935) முதலிய செய்யுள் நாடகங்களை இயற்றினார். எனினும், அவர் நாடகமாக எழுதியவற்றைக் காட்டிலும் நாடகமாக எழுதாத 'பாழ்நிலம்' ஓராள் அரங்கிற்கு மிகவும் இயைந்து நின்றது வியப்பிற்குரியது.

மேடையேற்றம்

ஷாவும் வார்னரும் 'பாழ்நில'த்திற்கு முன்பே இணைந்து பணியாற்றியவர்கள். சோபோகிளிசின் 'எலெக்ட்ரா' (1988), இப்சனின் 'ஹெட்டா கேப்லர்' (1991) ஆகியவை அவர்களின் குறிப்பிடத்தக்க படைப்புகள். 1994இல் சாமுவேல் பெக்கெட்டின் 'ஃபுட்ஃபால்ஸ்' என்னும் சிறு நாடகத்தை இலண்டனில் மேடையேற்றியபோது, நூலிலுள்ள அரங்கக் குறிப்புகளிலிருந்து விலகியமைக்காகப் பெக்கெட்டின் உரிமைதாரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதனால் அந்நாடகத்தின் அயல்நாட்டுப் பயணம் கைவிடப்பட்டது. நடிகர் எத்தனை அடி நடக்கவேண்டும் என்பதுவரை வரையறுத்த ஒரு பனுவலுக்கு அடுத்த ஆண்டிலேயே, அரங்கக் குறிப்பே இல்லாத ஒரு பனுவலை இவ்விருவரும் எடுத்துக்கொண்டனர். பனுவலுக்கும் அரங்கிற்கும் உள்ள உறவின் இரு எல்லைகளை இவ்விரு முயற்சிகளும் காட்டுகின்றன.

'பாழ்நிலம்' 1995இல் பிரசல்ஸ் நகரின் கலைவிழாவில் முதலில் நிகழ்த்தப்பட்டது. அதன்பின் டப்ளின், நியூயார்க், இலண்டன் உள்ளிட்ட பல நகரங்களுக்குச் சென்றது. நிகழ்ச்சி ஏறத்தாழ 40 நிமிட அளவினது. கவிதையின் சொற்களே நாடகத்தின் சொற்கள். இணைப்புரையோ விளக்கவுரையோ சேர்க்கப்படவில்லை. ஒப்பனையும் அரங்கப் பொருள்களும் மிகக் குறைவு. ழான் கால்மனின் ஒளியமைப்பே காட்சி மாற்றத்திற்குரிய முதன்மைக் கருவியாயிற்று. எலியட்டின் வேறு கவிதைகளைக் கொண்டு 1981இல் இலண்டனில் தோன்றிய 'கேட்ஸ்' என்னும் இசை நாடகம் ஆடலும் பாடலும் பெருஞ்செலவும் கொண்டு உலகெங்கும் பரவியது. அதே கவிஞரின் மிகக் கடினமான கவிதை ஒரு பெண்ணின் குரலையும் உடலையும் மட்டும் நம்பி மேடையேறியது. 1997இல் இந்நடிப்பிற்காக ஷா நியூயார்க்கின் டிராமா டெஸ்க் விருதைப் பெற்றார். 2009ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் மீண்டும் நிகழ்த்தப்பட்டது.

களன்

இந்நாடகத்தின் வரலாற்றில் தனிச்சிறப்புடையது அது நிகழ்ந்த இடங்களே. டப்ளினில் ஃபீனிக்ஸ் பூங்காவிலுள்ள பழைய வெடிமருந்துக் கோட்டை. நியூயார்க்கில் 42ஆம் தெருவின் லிபர்ட்டி அரங்கு. இலண்டனின் கிழக்குப் பகுதியில் வில்டன் இசையரங்கு. லிபர்ட்டி 1904இல் கட்டப்பட்டு, பின்னர்த் திரையரங்காகி, இறுதியில் மூடிக்கிடந்தது. வில்டன் 1859இல் இசையரங்காகத் திறக்கப்பட்டது. 1888 முதல் மெதடிஸ்ட் சமயப்பணி இல்லமாக விளங்கியது. அதன்பின் கந்தல் துணிக் கிடங்காயிற்று. 1960களில் இடிக்கப்படும் நிலையிலிருந்து காப்பாற்றப்பட்டும் நெடுங்காலம் பயன்பாடின்றிக் கிடந்தது. 1997 டிசம்பரில் 'பாழ்நிலம்' அங்கு நிகழ்ந்தபோதுதான் அக்கட்டடம் மீண்டும் அரங்காயிற்று.

இத்தகைய இடங்களைத் தேர்ந்தமை இருவேறு மதிப்பீடுகளுக்கு இடமளிக்கிறது. கவிதை பேசும் பாழ், மனத்தின் பாழ். முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியப் பண்பாடு அடைந்த வறட்சி. அதனைக் காரை பெயர்ந்த சுவர்களில் காட்டுவது உருவகத்தைப் படமாக வரைவது போன்றதாகும். சொல்லில் நிறைவாக உள்ள ஒன்றைக் கண்ணுக்கு மீண்டும் காட்டுவதால் சொல்லின் ஆற்றல் குறைகிறது என்று கூற இடமுண்டு. இக்குறையை முற்றிலும் மறுக்க இயலாது.

ஆனால் வில்டனைப் பொறுத்தவரை களன் வெறும் பின்னணியன்று. மேரி லாயிட் போன்றோர் வளர்த்த இசையரங்கக் கலை அழிகின்றது என்று கவலையுற்ற கவிஞர், அதே ஆண்டில் வெளியிட்ட கவிதையில் இசையரங்கின் உத்தியையே கையாண்டார். ஒருவர் பின் ஒருவராகத் தோன்றிச் சிறு சிறு கூறுகளை நிகழ்த்தி மறையும் இசையரங்க நிகழ்ச்சி நிரலுக்கும், 'பாழ்நில'த்தின் குரல் வரிசைக்கும் அமைப்பில் ஒற்றுமை உண்டு. நீக்கப்பட்ட தொடக்கப் பகுதியில் வெகுசனப் பாடல்களின் எதிரொலிகள் மிகுதி. இவ்வாறு நோக்கின், கவிதை தன் மூலக்கலையின் இல்லத்திற்குத் திரும்பியது எனல் பொருந்தும். களன் இங்குக் கவிதைக்கு விளக்கப்படமாக நிற்காமல் அதன் வரலாற்றுக் குறிப்பாக அமைகிறது. அழிவைக் காட்டத் தேர்ந்த கட்டடம், 2015இல் நிறைவுற்ற சீரமைப்பிற்குப் பின் முழுமையான அரங்காக நிலைபெற்றமை இவ்வரலாற்றின் நற்பயன்.

கூற்றும் உடலும்

'பாழ்நிலம்' பற்றிய திறனாய்வில் நெடுங்காலம் நிகழ்ந்த வாதம் ஒன்றுண்டு. இக்கவிதையில் பேசுவோர் பலரா, ஒருவரா என்பதே அது. மூன்றாம் பகுதியில் வரும் டைரீசியசே கவிதையின் மிக முதன்மையான ஆள்; அவர் பாத்திரமாக இல்லாமல் காண்பவராக மட்டும் இருப்பினும் ஏனையோர் அனைவரும் அவரிடம் ஒன்றுகின்றனர்; பெண்கள் எல்லாரும் ஒரே பெண்; இருபாலும் டைரீசியசிடம் சந்திக்கின்றன என எலியட் தம் குறிப்பில் எழுதினார். ஆணாகவும் பெண்ணாகவும் வாழ்ந்தறிந்த கிரேக்கத் தொன்மக் குருடர் டைரீசியஸ். இக்குறிப்பைச் சிலர் திறவுகோலாகக் கொண்டனர். சிலர் பின்னர் ஒட்டிய சமாதானம் என்று ஒதுக்கினர்.

ஓராள் நாடகம் இவ்வாதத்தை வேறொரு தளத்திற்கு நகர்த்துகிறது. மேடையில் உள்ள உடல் ஒன்று. அதிலிருந்து எழும் குரல்கள் பல. ஒருமையும் பன்மையும் ஒரே நேரத்தில் உண்மையாகின்றன. படிப்பவர் ஒன்றைத் தேரவேண்டியிருந்த இடத்தில் காண்பவர் இரண்டையும் பெறுகிறார். மேலும், டைரீசியஸ் காணும் தட்டச்சுப் பெண்ணின் காட்சி அச்சில் ஓர் ஆண் கவிஞரின் விலகிய, சற்றே இகழ்ச்சி கலந்த நோக்கில் அமைந்தது எனக் குறை கூறப்படுவதுண்டு. அதே அடிகளை ஒரு பெண் தன் உடலோடு நின்று பேசும்போது, காணப்படுபவளும் காண்பவரும் ஒருவராகின்றனர். சொல் ஒன்றும் மாறாமலே இகழ்ச்சி துயரமாகத் திரிகிறது. மெய்ப்பாடு கவிதையின் சொல்லில் மட்டும் இல்லை. பேசுபவரைப் பொறுத்தும் வேறுபடும் என்பதற்கு இது தக்க சான்று.

ஓருடலில் இருமை என்னும் இக்கருத்து இந்திய அரங்கிற்கு அயலானதன்று. சிலப்பதிகார நடுகற் காதையில், பறையூர்க் கூத்தச் சாக்கையன் சேரன் செங்குட்டுவன் முன்னர்க் கொட்டிச்சேதம் ஆடுகிறான். உமையொரு பாகனாகிய இறைவனின் ஆட்டத்தை அவன் ஒருவனே ஆடிக்காட்டுகிறான். ஒரு பாதி ஆட, உமைக்குரிய மறு பாதி அசைவின்றி நிற்கிறது. கேரளக் கூடியாட்டத்தில் ஒரு நடிகர் தம் வேடத்தை மாற்றாமலே வெவ்வேறு பாத்திரங்களாக மாறி நடிக்கும் பகர்ந்நாட்டம் இன்றும் உயிருடன் உள்ளது. சத்தீஸ்கரின் பாண்டவாணியில் தீஜன் பாய் கையிலுள்ள தம்பூராவையே கதாயுதமாகவும் வில்லாகவும் கொண்டு பாரதப் பாத்திரங்கள் பலவாக மாறிப் புகழ் பெற்றார். இவற்றிற்கும் ஷாவின் நடிப்பிற்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும் ஒரு வேறுபாடு சுட்டத்தக்கது. நம் மரபுகளில் கதையை அவையோர் முன்னரே அறிவர். ஆதலின் நடிகர் குரல் மாறும்போது குழப்பம் எழுவதில்லை. 'பாழ்நில'த்தின் அவையோருக்கு அத்தகைய துணையில்லை. எனவே அங்கு நடிகரின் பொறுப்பு பன்மடங்காகிறது.

எச்சத்தின் நிலை

அப்பொறுப்பை நிறைவேற்றும்போதே இழப்பும் நேர்கிறது. சங்க அகப்பாடல்களின் கீழ்க் காணும் கூற்றுக் குறிப்புகள் தொகுத்தோரால் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை எனக் கொள்வர். ஒரே பாட்டைத் தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் கொள்ள இடமிருப்பதை உரையாசிரியர் சிலவிடங்களில் காட்டியுள்ளனர். குறிப்பு எழுதப்பட்டபின் படிப்போர் பெரும்பாலும் ஒரு பொருளையே காண்கின்றனர். ஷாவின் நடிப்பும் 'பாழ்நில'த்திற்கு எழுதிய கூற்றுக் குறிப்பே. மதுக்கடைப் பெண்ணின் பேச்சு இலண்டன் பேச்சுமொழியின் நயத்தோடு ஒலிக்கும்போது இரண்டாம் பகுதி முழுமையான சிறு நாடகமாகிறது. கடினமான கவிதை எனக் கற்பிக்கப்பட்ட ஒன்றில் நகைச்சுவையும் வம்புப் பேச்சும் உண்டு என்பது தெரியவருகிறது. இது பெரும்பேறு. ஆனால் யாருடைய குரல் என்று துணிய முடியாத அடிகளுக்கும் ஏதேனும் ஒரு குரலைத் தந்தே ஆகவேண்டும். துணிய முடியாமையே அவ்வடிகளின் பொருளாக இருந்தால், அப்பொருள் மேடையில் இல்லாமற்போகிறது.

மேற்கோள்களின் நிலையும் இத்தகையதே. தாந்தே, ஷேக்ஸ்பியர், வாக்னர், புத்தரின் தீயுரை என இக்கவிதை பிற பனுவல்களின் துண்டுகளால் ஆனது. அச்சில் வாசகர் நின்று, குறிப்பைப் புரட்டி, மீண்டும் வரமுடியும். அரங்கில் காலம் நிற்பதில்லை. ஆனால் அறியப்படாத மேற்கோளும் ஓசையாகவும் உணர்வாகவும் செவியில் பதிகிறது. எலியட்டே கவிதை புரிவதற்கு முன்னரே உணர்த்த வல்லது எனக் கருதியவர். அவ்வகையில் அரங்கு குறிப்புகளைத் துறந்து, கவிதையைக் குறிப்புகள் சேர்வதற்கு முந்தைய இதழ்ப்பதிப்பின் நிலைக்கு மீட்டது எனலாம்.

நடிகருக்குப் பெரும் சோதனையாவது ஐந்தாம் பகுதி. அங்கு நடித்துக் காட்டத்தக்க பாத்திரங்கள் அருகுகின்றன. வறண்ட மலையும் நீர் வேட்கையும் இடியோசையுமே எஞ்சுகின்றன. முன்பகுதிகளில் குரல் மாற்றத்தால் வென்ற முறை இங்குப் பயன்படாது. 1953இல் நிகழ்த்திய உரையில் எலியட் கவிதையின் குரல்களை மூன்றாக வகுத்தார்: கவிஞர் தமக்குத் தாமே பேசுவது, அவையோரிடம் பேசுவது, பாத்திரத்தின் வழியே பேசுவது. 'பாழ்நிலம்' மூன்றாம் குரலில் செழித்து, முதற் குரலில் முடிகிறது. ஓராள் நாடகம் மூன்றாம் குரலுக்கு எளிதில் இடம் தருகிறது. முதற் குரலுக்கு அரிதிற்றான் தருகிறது.

இதற்கு எதிர்நிலையில் வைத்து நோக்கத்தக்கது ரால்ஃப் ஃபைன்ஸ் தாமே நெறியாள்கை செய்து நிகழ்த்திய 'நான்கு நால்வரிசைகள்' (ஃபோர் குவார்ட்டெட்ஸ்). எலியட்டின் பிற்காலப் படைப்பாகிய அது 1943இல் ஒரே நூலாயிற்று. பெருந்தொற்றால் மூடப்பட்ட அரங்குகள் திறந்த 2021ஆம் ஆண்டில் ஃபைன்ஸ் அதனை இங்கிலாந்தின் பல நகரங்களில் நிகழ்த்தினார். அக்கவிதை பெரும்பாலும் ஒரே மனத்தின் தியானம். ஆகவே அங்கு நடிகர் யாராக மாறுகிறார் என்னும் வினா எழுவதில்லை. எண்ணம் எவ்வாறு பிறக்கிறது என்பதே காட்சியாகிறது. ஒரே கவிஞரின் இரு கவிதைகள் ஓராள் அரங்கின் இரு வகைகளைத் தோற்றுவித்துள்ளன.

அரங்கிலிருந்து கருவிக்கு

2011இல் 'பாழ்நிலம்' கையடக்கக் கணினிக்குரிய செயலியாக வெளிவந்தபோது, ஷாவின் நடிப்புப் படமாக்கப்பட்டு அதில் இடம்பெற்றது. எலியட்டின் சொந்தக் குரற்பதிவுகளும் அலெக் கின்னஸ், டெட் ஹியூஸ் முதலியோரின் வாசிப்புகளும் உடனிருந்தன. நடிப்பு நிகழ, உரிய அடி திரையில் உடன் தோன்றும். குறிப்பு வேண்டுவோர் தொட்டுப் பெறலாம். அரங்கு துறந்த குறிப்புகள் மீண்டும் நடிப்போடு சேர்ந்தன. ஆனால் கேட்போர் என்னும் உறுப்பு மாறிவிட்டது. சிதைந்த அரங்கில் கூடியிருந்த அவை, தனியறையில் அமர்ந்த ஒருவராகச் சுருங்கியது. மேரி லாயிடின் கலையில் எலியட் போற்றிய, அவையோரின் கூட்டுப் படைப்பு இங்கு இல்லை. அதற்கீடாக, பல வாசிப்புகளை அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடும் வாய்ப்புக் கிட்டியது. பாடவேறுபாடுகளை ஒருங்கே காட்டும் பதிப்புப் போல, கூற்று வேறுபாடுகளை ஒருங்கே காட்டும் பதிப்பு இது. ஒரு நடிப்பு மூடிய எச்சத்தை மற்றொரு வாசிப்புத் திறந்துவிடுகிறது.

முடிவு

கவிதையின் இறுதியில் எலியட் எடுத்தாளும் பிருகதாரணியக உபநிடதக் கதை இவ்வாராய்ச்சிக்கும் பொருந்துகிறது. தேவர், மனிதர், அசுரர் ஆகிய மூவகையினரும் பிரசாபதியிடம் அறிவுரை வேண்டுகின்றனர். அவர் மூவகையினருக்கும் 'த' என்னும் ஓரெழுத்தையே கூறுகிறார். தேவர் அதனை அடக்கம் எனவும், மனிதர் ஈகை எனவும், அசுரர் இரக்கம் எனவும் கொள்கின்றனர். புரிந்ததா என்று கேட்டு, மூவர் கொண்ட பொருளும் சரியே என்கிறார் பிரசாபதி. எலியட் இவ்வரிசையை மாற்றி ஈகையை முதலிலும் அடக்கத்தை இறுதியிலும் வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. சொன்னவர் ஒருவர், சொல் ஒன்று. பொருளை முடித்துக்கொண்டவர் கேட்போர்.

நல்ல ஓராள் நாடகம் நிகழ்த்த வேண்டியதும் இதுவே. கூற்றை நடிகர் முடிவு செய்யலாம். பொருளைக் கேட்போருக்கு விட்டுவிட வேண்டும். ஷா, வார்னர் இருவரின் 'பாழ்நிலம்' இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் கூற்றைத் துலக்கிக் கவிதையை வாழ்வோடு சேர்த்தது. துணிய முடியாமையைப் பொருளாகக் கொண்ட இடங்களில் உரை மூலத்தைச் சற்று மறைத்தது. உரைகள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு இது. ஓர் உரை போதாதபோது மற்றோர் உரை எழுதுதலே நம் மரபு கண்ட வழி. 'எழுத்து' இதழில் 1962இல் வெளிவந்த சி. மணியின் 'நரகம்' முதலாக, எலியட்டின் தாக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் தமிழ் நெடுங்கவிதைகள் பெரும்பாலும் அச்சிலேயே நின்றுவிட்டன. அவற்றின் கூற்றும் கேட்போரும் களனும் ஒரு நடிகரின் உடலில் சோதிக்கப்படுமாயின், தமிழ்ப் புதுக்கவிதை ஆராய்ச்சிக்கு ஏட்டுரைகள் தராத சான்றுகள் கிடைக்கும்.